பணி முடிந்த குதிரை

மனிதனுக்குப் பணி செய்த விலங்குகளுள் குதிரையைப்போல உயர்வும் தாழ்வும் கண்டது பிறிதொன்றில்லை. தேர், யானை, குதிரை, காலாள் எனப் படையை நால்வகையாக எண்ணிய பழந்தமிழர், மரக்கலங்களிற் கடல் கடந்து வந்த குதிரைகளைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கினர். வேறு பல நாடுகளில் அரசர்க்கு மட்டுமன்றி உழவர்க்கும் வணிகர்க்கும் தபாற்காரர்க்கும் குதிரையே காலாக விளங்கிற்று. புகையிரதம் தோன்றும்வரை, தரைவழியே மனிதன் செல்லக்கூடிய வேகத்தின் எல்லை குதிரையின் வேகமாகவே இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில், ஒரு மனிதனின் ஆயுட்காலத்துக்குள், அக்குதிரைக்கு இனி வேலை இல்லை என்னும் நிலை வந்துவிட்டது.

பயன் தீர்ந்த விலங்குக்கு மனிதரிடையே இடம் உண்டா? இவ்வினாவுக்கு நூல்களிலும் அறவுரைகளிலும் விடை தேடலாம். வரலாற்றில் தேடுவதாயின், அம்மாற்றம் மிகப் பெரிய அளவிலும் மிக விரைவாகவும் நிகழ்ந்த நாடாகிய ஐக்கிய அமெரிக்காவின் கதையை நோக்குதல் வேண்டும். அங்கே குதிரை அழிவின் விளிம்புவரை சென்று, பின்னர் முற்றிலும் புதியதோர் உறவினால் மீண்டது. இன்று அந்நாட்டிற் பல இலட்சம் குடும்பங்கள், ஊதியம் எதனையும் எதிர்பாராமல் வீட்டுப்புறத்திலே குதிரை வளர்த்து, வார இறுதியில் அதன்மேலேறிக் காட்டுப் பாதைகளிற் சென்று வருகின்றன. இவ்வழக்கம் எவ்வாறு வந்தது என்பதே இங்குக் கூறப்படும் செய்தி.

குதிரையினம் பல இலட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் தோன்றி வளர்ந்த நிலம் வட அமெரிக்காவே. எனினும் ஏறக்குறைய பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் அது அங்கே அற்றுப்போயிற்று. அதற்குமுன் ஆசியாவுக்குச் சென்றிருந்த கிளைகளே பிற நாடுகளிற் பெருகின. 1493ஆம் ஆண்டிலே கொலம்பசு தமது இரண்டாம் பயணத்திற் குதிரைகளை மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கொண்டு சென்றார். 1519ஆம் ஆண்டில் மெக்சிக்கோவை வெல்லப் புறப்பட்ட கோர்த்தேசு பதினாறு குதிரைகளுடன் கரையிறங்கினார். இவற்றின் வழிவந்தவையும் பின் வந்தவையும் சமவெளிகளிற் பரவின. கொமாஞ்சி, இலக்கோத்தா முதலிய பழங்குடி மக்கள் சில தலைமுறைகளுக்குள் உலகின் தலைசிறந்த குதிரை வீரர்களுள் வைத்து எண்ணப்படலாயினர். தாய்நிலத்தை விட்டு நீங்கிய விலங்கு அந்நியர் கப்பலில் ஏறித் தாய்நிலத்துக்கே மீண்டது வரலாற்றின் வியத்தகு திருப்பங்களுள் ஒன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே புகையிரதப் பாதைகள் அமெரிக்கா எங்கும் நீண்டன. நீராவி வந்ததும் குதிரையின் தொழில் குறைந்திருக்கும் என்று நினைத்தல் இயல்பு. உண்மையில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. புகையிரதம் கொணர்ந்து குவித்த பொருள்களை நிலையத்திலிருந்து கடைக்கும் வீட்டுக்கும் எடுத்துச் செல்லக் குதிரை வண்டிகளே வேண்டியிருந்தன. நகரத் தெருக்களிலே தண்டவாளத்தின்மீது ஓடிய ட்ராம் வண்டிகளையும் குதிரைகளே இழுத்தன. வயல்களிற் பெரிய அறுவடை இயந்திரங்களை இழுப்பதற்கும் குதிரைக் கூட்டங்களே பூட்டப்பட்டன. இயந்திரம் பெருகப் பெருகக் குதிரையும் பெருகிற்று.

நாட்டின் வாழ்வு குதிரையை எவ்வளவு நம்பியிருந்தது என்பதனை 1872ஆம் ஆண்டு காட்டிற்று. அவ்வாண்டின் பிற்பகுதியிற் கனடாவிலே தோன்றிய குதிரைக் காய்ச்சல் சில கிழமைகளுள் ஐக்கிய அமெரிக்காவின் நகரங்களெங்கும் பரவியது. இறந்தவை சிறு பகுதியே. ஆயினும் நோயுற்ற குதிரைகள் பல நாட்கள் எழுந்து வேலை செய்ய இயலாது கிடந்தன. ட்ராம் வண்டிகள் நின்றன. துறைமுகங்களிற் பொருள்கள் தேங்கின. நவம்பர் மாதத்தில் பொஸ்டன் நகரிலே பெருந்தீ மூண்டபோது தீயணைக்கும் பொறிகளை இழுக்கப் போதிய குதிரைகள் இல்லை. மனிதரே கயிறு பூட்டி அவற்றை இழுத்துச் சென்றனர். நகரின் நடுவே ஏறக்குறைய 65 ஏக்கர் நிலப்பரப்பில் இருந்த கட்டடங்கள் சாம்பலாயின.

இத்துணைப் பயன்பட்ட விலங்குக்குக் கிடைத்த வாழ்வு இனியதாக இருக்கவில்லை. கல்பரப்பிய தெருக்களிற் பாரம் இழுத்த நகரக் குதிரைகள் சில ஆண்டுகளுக்குள்ளேயே நலிந்து கழிக்கப்பட்டன. வீதியில் விழுந்த குதிரையை அடித்து எழுப்புவது அன்றாடக் காட்சியாயிருந்தது. இக்கொடுமையைக் கண்டு மனம் பொறாத ஹென்றி பேர்க் என்பவர் 1866ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரிலே விலங்குகளுக்கு இழைக்கப்படும் கொடுமையைத் தடுக்கும் சங்கத்தை நிறுவினார். அச்சங்கம் முதலில் எடுத்துக்கொண்ட பணிகளுள் ஒன்று வண்டிக் குதிரைகளின் துயர் துடைப்பதே. குதிரையைக் கருவியாக மட்டும் கருதாது உணர்வுள்ள உயிராகக் கருதும் எண்ணம் அந்நாட்டில் இவ்வாறு வலுப்பெறத் தொடங்கிற்று.

1908ஆம் ஆண்டிலே ஹென்றி போர்ட் எளியோரும் வாங்கத்தக்க மோட்டார் வண்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். 1917ஆம் ஆண்டில் அவருடைய உழவு இயந்திரமும் வந்தது. 1915ஆம் ஆண்டளவில் ஐக்கிய அமெரிக்காவில் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் சேர்ந்து ஏறக்குறைய 2 கோடியே 60 இலட்சம் இருந்தன. 1960ஆம் ஆண்டளவில் அத்தொகை ஏறக்குறைய 30 இலட்சமாகச் சுருங்கிவிட்டது. பத்தில் ஒரு பங்களவே எஞ்சிற்று எனலாம். இச்சுருக்கம் இயற்கை மரணத்தால் மட்டும் வந்ததன்று. முதலாம் உலகப் போருக்கென ஐரோப்பாவுக்கு ஏற்றப்பட்டவை இலட்சக்கணக்கானவை. அவற்றுள் மீண்டவை மிகச் சில. பின்வந்த ஆண்டுகளில், வேலையற்ற பண்ணைக் குதிரைகளும் மேற்குப் புலங்களிற் பிடிக்கப்பட்ட காட்டுக் குதிரைகளும் தகரத்தில் அடைக்கப்படும் நாயுணவுக்காகவும் கோழித் தீனிக்காகவும் கொல்லப்பட்டன. உழுது நாட்டை உண்பித்த விலங்கு ஈற்றில் நாய்க்கு உணவாயிற்று.

இங்ஙனம் குதிரையினம் தேய்ந்துகொண்டிருந்த காலத்திலேயே அதனைக் கைவிட மறுத்தவர்களும் இருந்தனர். நாட்டின் வடகிழக்கே, மலைகள் சூழ்ந்த வேர்மொண்ட் மாநிலத்தில் 1926ஆம் ஆண்டிலே பசுமலைக் குதிரைச் சங்கம் என்னும் பொருள்படும் பெயருடன் ஓர் அமைப்பு உருவாயிற்று. நல்லினக் குதிரைகளைப் பேணுதலும், அவற்றின்மேற் சென்று வரத்தக்க பாதைகளைத் திறந்து அடையாளமிடுதலும் அதன் நோக்கங்களாயின. வண்டிப் பாதைகள் பல மோட்டார்ச் சாலைகளாகவும், எஞ்சியவை முட்புதர்களாகவும் மாறிக்கொண்டிருந்த காலம் அது. குதிரைக்குப் பாதை இல்லையேல் குதிரையும் இல்லை என்பதனை அவர்கள் உணர்ந்திருந்தனர். 1936ஆம் ஆண்டு முதல் அச்சங்கத்தார் நூறு மைல் தூரத்தை மூன்று நாட்களிற் கடக்கும் சவாரியொன்றை நடத்தலாயினர். முந்தி வந்தவர் யார் என்பதைவிட, யாருடைய குதிரை நலங்குன்றாது வந்து சேர்ந்தது என்பதே அதில் முதன்மையாக நோக்கப்பட்டது. பின்வந்த வழக்கங்களுக்கெல்லாம் வித்தாக அமைந்தது இக்கருத்தே.

ஆர்வலர் சிலரின் முயற்சி நாடளாவிய வழக்கமாவதற்கு வேறு காரணங்களும் கூடின. அவற்றுள் முதலாவது ஓய்வு நேரம். 1938ஆம் ஆண்டிற் கூட்டாட்சி அரசு நிறைவேற்றிய தொழிற் சட்டத்தின் பயனாக, 1940ஆம் ஆண்டளவிற் பெரும்பாலான தொழில்களில் வாரத்துக்கு 40 மணி நேர வேலை என்பது அளவுகோலாயிற்று. சனியும் ஞாயிறும் எளிய தொழிலாளிக்கும் சொந்தமாயின. இரண்டாவது இடம். இரண்டாம் உலகப் போருக்குப் பின், நகரத்திலே தொழில் பார்த்து நகர்ப்புறத்தே குடியிருப்போர் தொகை பெருகிற்று. ஓரிரு ஏக்கர் புல்நிலம் உடையோர்க்கு ஒரு குதிரை கட்டுவது அரிதன்று. மூன்றாவது குதிரையின் விலை. உழவில் வேலை இழந்த பண்ணைக் குதிரைகள் மலிந்திருந்தன. எந்த மோட்டார் வண்டி குதிரையின் தொழிலைப் பறித்ததோ, அதே வண்டி பின்னர்க் குதிரைக்கென அமைந்த இழுவைப் பெட்டியைப் பூட்டிக்கொண்டு அதனைக் காட்டுப் பாதையின் தொடக்கம்வரை கொண்டுபோய்விடலாயிற்று.

சவாரி செய்வோரும் மாறினர். முன்னாளிற் குதிரையுடன் பழகியோர் பெரும்பாலும் வண்டிக்காரர், உழவர், மாடு மேய்ப்போர், படைவீரர் ஆகிய ஆண்களே. பெண்கள் ஏறினால் இரு கால்களையும் ஒரே பக்கமாகத் தொங்கவிட்டு அமர்தல் வேண்டும் என்னும் கட்டுப்பாடும் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்கட்டுப்பாடு தளர்ந்தது. தொழிலிலிருந்து குதிரை விலகியபோது ஆண்கள் மோட்டார் வண்டியை நாடினர். குதிரையை ஏற்றுக்கொண்டவர்களுட் பெரும்பாலோர் பெண்களும் சிறுமியருமே. இன்று அந்நாட்டிற் குதிரை வளர்ப்போருள் பெரும்பான்மையினர் பெண்கள் என்பது இம்மாற்றத்தின் விளைவு.

குதிரையோடு கூடிய அன்றாட வாழ்வு எத்தன்மையது? நாயையும் பூனையையும்போல அது வீட்டுக்குள்ளே வந்து படுக்கும் விலங்கன்று. ஆயிரம் இறாத்தல் எடையுள்ள ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 20 இறாத்தல் உலர்புல் வேண்டும். குடிப்பதற்கு 25 முதல் 45 லீற்றர்வரை நீர் வேண்டும்; வெயிற் காலத்திலும் உழைத்த நாளிலும் அதற்கு மேலும் வேண்டும். அதன் உடல் பெரிதாயினும் இரைப்பை சிறிது. ஆகவே ஒரே வேளையில் நிறைய உண்ண இயலாது. சிறிது சிறிதாக நாள் முழுவதும் மென்றுகொண்டிருத்தலே அதற்கு இயல்பு. உண்டதைக் கக்கும் ஆற்றலும் குதிரைக்கு இல்லை. கெட்ட தீனியோ அளவு மிஞ்சிய தானியமோ வயிற்றுக்குட் சென்றால் கடும் வயிற்றுவலியால் அது மாண்டுபோகவும் கூடும்.

ஆதலால் குதிரை வளர்ப்போரின் நாள் கதிரவனுக்கு முன்னரே தொடங்குகின்றது. அலுவலகத்துக்கோ பாடசாலைக்கோ புறப்படுமுன் இலாயத்துக்குச் சென்று புல்லிட்டு, நீர்த்தொட்டியை நிறைத்து, சாணத்தை அள்ளுதல் வேண்டும். நாளொன்றுக்கு ஏறக்குறைய 50 இறாத்தல் சாணம் சேரும். பனிக்காலத்தில் நீர்த்தொட்டி உறைந்து கிடக்குமாயின் மேற்பனியை உடைத்துவிடுதலும் அவ்வேலைகளுள் ஒன்று. மாலையில் மீண்டும் அதே வேலை. நான்கு குளம்புகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கி, இடுக்கில் அகப்பட்ட கல்லையும் மண்ணையும் களைதல் வேண்டும். குளம்பு மனிதரின் நகம்போல வளர்வதாதலால், ஆறு முதல் எட்டுக் கிழமைகளுக்கு ஒருமுறை அதனைச் சீவி லாடம் கட்டுவிக்க வேண்டும். குளம்பு கெட்டால் குதிரை கெட்டது என்பது எந்நாட்டுக் குதிரைக்காரரும் ஒப்புக்கொண்ட உண்மை.

இங்கு ஒரு தலைகீழ் மாற்றத்தைக் காணலாம். முன்னர்க் குதிரை ஆறு நாட்கள் உழைத்து மனிதனுக்குச் சோறு தேடித் தந்தது. இப்போது மனிதன் ஐந்து நாட்கள் உழைத்துக் குதிரைக்குப் புல் தேடித் தருகின்றான். கணக்கப்பிள்ளையும் ஆசிரியையும் தாதியும் தம் ஊதியத்திற் பெரும்பங்கை உலர்புல்லுக்கும் லாடத்துக்கும் மிருக வைத்தியருக்கும் செலவிடுகின்றனர். கைம்மாறாக அவர்கள் பெறுவது சனிக்கிழமைக் காலை ஒன்றே.

அக்காலைப்பொழுதுச் சவாரிக்கும் ஒழுங்குகள் உண்டு. முதலிற் குதிரையின் உடம்பைத் தேய்த்துத் துடைப்பர். சேணத்தின் கீழ் ஒரு சிறு முள் இருந்தாலும் முதுகு புண்ணாகும் என்பதே அதற்குக் காரணம். உடம்பில் வீக்கமோ வெப்பமோ உண்டோ என்பதையும் கை அறிந்துகொள்ளும். பாதையிற் பலர் கூடிச் செல்லும்போது, இரண்டு குதிரைகளுக்கிடையே ஒரு குதிரையின் நீளமேனும் இடைவெளி விடுவர். உதைக்கும் பழக்கமுள்ள குதிரையின் வாலிற் சிவப்பு நாடா கட்டுவர். பின்னால் வருவோர்க்கு அது எச்சரிக்கை. மலையேற்றத்தில் முன்புறம் சாய்ந்து குதிரையின் முதுகுக்கு இடமளிப்பர். செங்குத்தான இறக்கத்திற் பலர் இறங்கியே நடப்பர். நீரோடை கண்ட இடத்தில் எல்லாக் குதிரைகளும் குடித்து முடியும்வரை எவரும் நகர்வதில்லை. தோழர் புறப்படுவதைக் கண்டால் குதிரை தாகத்தையும் மறந்து அவர் பின்னே செல்லும் இயல்புடையது. வீடு திரும்பும் இறுதி மைலை மெல்ல நடந்தே கடப்பர். உடற்சூடு தணியாமல் இலாயத்தை அடைந்த குதிரைக்குத் தீங்கு விளையலாம் என்பதனால் வந்தது அவ்வழக்கம். இவ்வொழுங்குகள் யாவும் பாரம் சுமக்கும் உயிரின் பக்கமிருந்து பார்த்து வகுக்கப்பட்டவை.

இவ்வழக்கம் நாடறிந்த நிகழ்ச்சியாக மலர்ந்தது 1955ஆம் ஆண்டிலாகும். கலிபோர்ணியாவின் ஓபர்ன் என்னும் சிறுநகரில் மரவாணிபமும் வங்கித் தொழிலும் நடத்திய வெண்டல் ரொபி, அறுபது வயதை எட்டியிருந்தும் குதிரைச் சவாரியிற் பேரார்வம் கொண்டவர். பழங்காலக் குதிரைகள் ஒரே நாளில் நூறு மைல் சென்றன என்பார்கள். இக்காலக் குதிரைகளால் அது இயலுமா என்னும் பேச்சு அந்நாளிற் குதிரைக்காரரிடையே எழுந்தது. 1955ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில், ரொபி தோழர் சிலருடன் தாகோ ஏரிப் பக்கத்திலிருந்து புறப்பட்டு, சியரா நெவாடா மலைகளைக் கடந்து, 24 மணி நேரத்துக்குள் ஓபர்ன் நகரை அடைந்தார். முற்காலத்திலே பொன்னும் வெள்ளியும் தேடியோர் நடந்த பாதை அது. ஏறக்குறைய 8,700 அடி உயரமுள்ள கணவாயிலே ஏறி, வெயில் கொதிக்கும் பள்ளத்தாக்குகளில் இறங்கி, இரவில் நிலவொளியில் ஆற்றைக் கடந்து செல்லவேண்டிய வழி. அதன்பின் ஆண்டுதோறும் நடைபெறலான இச்சவாரி தெவிசுக் கிண்ணச் சவாரி எனப் பெயர் பெற்றது. இரவுப் பயணத்துக்கு ஒளி வேண்டுமென்பதால், பெரும்பாலும் முழுமதியை ஒட்டிய கோடைக்கால நாள் ஒன்றையே அதற்குத் தெரிவு செய்வர்.

இச்சவாரியில் முதலில் வருவோர்க்குக் கிண்ணம் உண்டு, பணப்பரிசு இல்லை. 24 மணி நேரத்துக்குள் முடித்த ஒவ்வொருவர்க்கும் கிடைப்பது ஒரு வெள்ளி இடைவார்ப் பூட்டு. அதுவும் குதிரை நலமாயிருந்தால் மட்டுமே. வழியிற் பல இடங்களில் மிருக வைத்தியர்கள் நின்று குதிரையின் நாடியை எண்ணுவர். நடக்கவிட்டு நொண்டுகின்றதா என நோக்குவர். ஈறுகளின் நிறத்தையும் வயிற்றின் ஒலியையும் ஆராய்வர். ஓய்விலிருக்கும் குதிரையின் நாடி நிமிடத்துக்கு ஏறக்குறைய 30 முதல் 40 வரை துடிக்கும். உழைப்பில் உயர்ந்த துடிப்பு, விதித்த நேரத்துக்குட் குறித்த அளவுக்குத் தணியாவிட்டால், சவாரி அங்கேயே முடிவுறும். வீரர் எவ்வளவு மன்றாடினும் பயனில்லை. புறப்படுவோருள் ஏறக்குறையச் செம்பாதியினரே பல ஆண்டுகளில் இறுதிவரை சென்றுள்ளனர். 1964ஆம் ஆண்டிலிருந்து மற்றுமொரு கிண்ணமும் வழங்கப்படுகின்றது. முதற் பத்து இடங்களுள் வந்த குதிரைகளில், மிகச் சிறந்த உடல்நிலையில் உள்ள குதிரைக்கு உரியது அது. அறிந்தோர் பலர் முதற்பரிசினும் இதனையே பெரிதாக மதிக்கின்றனர்.

இச்சவாரியில் 1961ஆம் ஆண்டிலே துருசிலா பார்ணர் என்னும் பெண்மணி முதலிடம் பெற்றார். அதில் வென்ற முதற் பெண் அவரே. 1974ஆம் ஆண்டிலே கோர்டி எய்ன்சிலி என்பவர் குதிரையின்றித் தம் கால்களாலேயே அப்பாதை முழுவதையும் ஓடி, 24 மணி நேரத்துக்குள் முடித்தார். மலைப்பாதையில் நூறு மைல் ஓடும் போட்டிகள் அதன்பின் உலகெங்கும் பரவின. குதிரைக்கெனக் காக்கப்பட்ட பாதை இவ்வாறு நடந்து செல்வோர்க்கும் ஓடுவோர்க்கும் செல்வமாயிற்று.

பாதைகளைக் காத்தலில் அரசும் பின்னர்க் கைகொடுத்தது. 1964ஆம் ஆண்டுச் சட்டம் மிகப் பரந்த காட்டு நிலங்களில் மோட்டார் வண்டிகளையும் பொறிகளையும் விலக்கியது. 1968ஆம் ஆண்டுச் சட்டம் நாடளாவிய நடைபாதைத் தொகுதியொன்றை அமைத்தது. பொறி விலக்கப்பட்ட காட்டிலே விழுந்த மரங்களை அகற்றவும், பழுதடைந்த சிறு பாலங்களைத் திருத்தவும் வேண்டிய கருவிகளை யார் சுமப்பது? விடை பழையதே. குதிரையும் கோவேறு கழுதையும் மீண்டும் பாரம் சுமந்தன. 1973ஆம் ஆண்டில் மொண்டானா மாநிலத்திலே தோன்றிய பின்காட்டுக் குதிரைக்காரர் சங்கம், விடுமுறை நாட்களிலே உறுப்பினர்கள் தம் குதிரைகளுடன் சென்று கூலியின்றிப் பாதை திருத்தும் வழக்கத்தை ஏற்படுத்திற்று. பின்னர்ப் பல மாநிலங்களிற் கிளைகள் எழுந்தன. தொழில் பறிபோன விலங்குக்கு இவ்வாறு ஒரு சிறு தொழிலும் மீண்டது.

மேற்கே திரிந்த காட்டுக் குதிரைகளின் கதை இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. நெவாடா மாநிலத்தைச் சேர்ந்த வெல்மா ஜோன்ஸ்ரன் என்னும் அலுவலகப் பணிப்பெண், 1950ஆம் ஆண்டில் ஒருநாள், கொலைக்களத்துக்குக் காட்டுக் குதிரைகளை ஏற்றிச் சென்ற வண்டியிலிருந்து குருதி வடிவதைக் கண்டார். அன்று தொடங்கிய அவரது போராட்டத்தின் பயனாக, விமானத்தாலும் மோட்டார் வண்டியாலும் அவற்றைத் துரத்திப் பிடிப்பதைத் தடுக்கும் சட்டம் 1959ஆம் ஆண்டில் வந்தது. நாடெங்கும் பள்ளிச் சிறுவர் எழுதிய கடிதங்கள் சட்டமன்றத்திற் குவிந்தன. 1971ஆம் ஆண்டில் அக்குதிரைகளுக்கு அரசின் பாதுகாப்பு வழங்கும் சட்டமும் நிறைவேறிற்று. இன்று அவற்றுட் சிலவற்றைக் குடும்பங்கள் ஏற்றுப் பழக்கிச் சவாரிக் குதிரைகளாக்குகின்றன. ஆயினும் மேய்ச்சல் நிலம் போதாமையாற் பிடிக்கப்பட்டு, ஏற்பார் இன்றி அரசின் பட்டிகளிலும் குத்தகைப் புல்வெளிகளிலும் வாழ்நாளைக் கழிப்பவை பல்லாயிரம்.

இங்கேதான் இவ்வரலாற்றின் கடினமான பகுதி உள்ளது. நன்கு பேணப்பட்ட குதிரை 25 முதல் 30 ஆண்டுகள்வரை வாழும். பத்து வயதுச் சிறுமிக்கு வாங்கிய குதிரை, அவள் படித்து, தொழில் தேடி, மணம் புரிந்து வேற்றூர் சென்ற பின்னரும் உயிரோடிருக்கும். அதனை யார் பார்ப்பது? 2008ஆம் ஆண்டுப் பொருளாதார வீழ்ச்சியின்போது, புல்லுக்கும் பணமின்றிக் கைவிடப்பட்ட குதிரைகள் பல. ஐக்கிய அமெரிக்காவில் இயங்கிய இறுதிக் குதிரைக் கொலைக்களங்கள் 2007ஆம் ஆண்டில் மூடப்பட்டன. எனினும் ஏலத்தில் விலைபோன குதிரைகள் அயல்நாடுகளாகிய மெக்சிக்கோவுக்கும் கனடாவுக்கும் கொலைக்கென ஏற்றிச் செல்லப்படுவது அதனால் நின்றுவிடவில்லை. சவாரிக்கென அன்போடு வளர்க்கப்பட்ட குதிரைகளும் முதுமையில் அவ்வழியே சென்றதுண்டு. அன்பு இளமையிலே எளிது. முதுமைவரை நீளும்போதுதான் அது கடமையாகின்றது.

தொகையை நோக்கின் மீட்சி உண்மையே. 2005ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி அந்நாட்டில் 92 இலட்சம் குதிரைகள் இருந்தன; 2017ஆம் ஆண்டில் அது 72 இலட்சமாகக் குறைந்திருந்தது. குறைந்த நிலையிலும் 1960ஆம் ஆண்டின் தொகையைப்போல இருமடங்குக்கு மேற்பட்டது அது. இவற்றுள் மிகப் பெரிய பகுதி பந்தயத்துக்கோ உழவுக்கோ உரியதன்று. பொழுதுபோக்குச் சவாரிக்கே உரியது. உழவு இயந்திரம் வென்று அரை நூற்றாண்டு கழிந்தபின், பொருளாதாரக் கணக்கு எதற்கும் அடங்காத காரணத்துக்காக இலட்சக்கணக்கான குதிரைகள் உயிர்வாழ்கின்றன.

இலங்கை நேயர்க்கு இவ்விடத்தில் நெடுந்தீவு நினைவுக்கு வருதல் இயல்பு. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆண்ட காலங்களில் அத்தீவிலே குதிரைகள் வளர்க்கப்பட்டன. ஆட்சிகள் மாறின, படைக்குக் குதிரை வேண்டிய காலமும் ஒழிந்தது. அக்குதிரைகளின் வழிவந்தவை இன்றும் அத்தீவின் தெற்குப் புல்வெளிகளிலே கட்டுக்கடங்காமல் திரிகின்றன. கடும் வறட்சி வரும் ஆண்டுகளில் அவை குடிநீரின்றி மடிந்த செய்திகள் பலமுறை வெளிவந்துள்ளன. சியரா நெவாடாவின் ஓடைக்கரையிலே குதிரை குடித்து முடியும்வரை காத்து நிற்போர் அறிந்த ஒழுங்கு, நெடுந்தீவின் நீர்த்தொட்டிக்கும் பொருந்துவதே. ஓர் அரசு தன் தேவைக்கெனக் கொணர்ந்து விட்டுச்சென்ற உயிர்களுக்கு, பின்வந்தோர் நீரேனும் வார்த்தல் வேண்டும்.

குதிரை மனிதனிடம் வந்து நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகின்றது. அக்காலமெல்லாம் அது என்ன தரும் என்றே மனிதன் கேட்டான். இயந்திரம் வந்தபின், அதற்கு என்ன கொடுப்பது என்னும் கேள்வி முதன்முறையாக எழுந்தது. அமெரிக்க வரலாற்றில் அதற்கு இரு விடைகளும் எழுதப்பட்டுள்ளன. ஒன்று நாயுணவுத் தகரம். மற்றையது விடியுமுன் இலாயத்தில் இடப்படும் புல். முன்னைய விடைக்குப் பொருளாதாரம் ஒன்றே போதியதாயிருந்தது. பின்னைய விடைக்குச் சங்கமும் சட்டமும் காக்கப்பட்ட பாதையும் வேண்டியிருந்தன; அவற்றினும் மேலாக, மழையென்றும் பனியென்றும் பாராது நாள்தோறும் இருவேளை எழுந்து செல்லும் மனிதர் வேண்டியிருந்தனர். பணி முடிந்த உயிர்களின் வாழ்வு இன்றும் அத்தகைய மனிதரின் கைகளிலேயே இருக்கின்றது.